எதிரி திவாலானபோது கணக்குப் படித்த ரசிகர்கள்

ஸ்காட்லாந்தில் குழந்தைகளின் பிறந்தநாள் விருந்தென்றால் ஜெல்லியும் ஐஸ்கிரீமும் இருக்கும். 2012-இல் அதே தின்பண்டத்தைப் பற்றி வளர்ந்த மனிதர்கள் கால்பந்து மைதானத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். ரேஞ்சர்ஸ் சாகிற அன்று ஜெல்லியும் ஐஸ்கிரீமும் தின்று கொண்டாடுவோம் என்பது பாட்டின் சாரம். பாடியவர்கள் அதே கிளாஸ்கோ நகரின் எதிரி கிளப்பான செல்டிக்கின் ரசிகர்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. 1872-இல் தொடங்கி, அதுவரை 54 முறை ஸ்காட்லாந்து லீக் பட்டம் வென்றிருந்த கிளப், நீதிமன்றம் வழியாகத் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

எதிரி வீட்டிலேயே என்றாலும் இழவு விழுந்தால் சிரிக்கக் கூடாது என்பார்கள். கிளாஸ்கோ கால்பந்து அந்த மரியாதையை அறியாது. ஆனாலும் அந்தச் சிரிப்புக்குள் ஒரு வாதம் இருந்தது. அந்த வாதம் பெரும்பாலும் நியாயமானது என்றே எனக்குப் படுகிறது.

இந்தப் பகையின் மதப் பின்னணி பலருக்கும் தெரிந்ததுதான். பிழைப்புத் தேடி வந்து கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் குடியேறிய ஐரிஷ் கத்தோலிக்க ஏழைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டுவதற்காக, வால்ஃப்ரிட் என்ற துறவி 1887-இல் தொடங்கிவைத்தது செல்டிக். ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டண்டுகளின், பிரிட்டிஷ் முடியாட்சி விசுவாசிகளின் கிளப்பாக வளர்ந்தது. கத்தோலிக்கர் என்று தெரிந்தே ஒரு பெரிய வீரரை அது வெளிப்படையாக ஒப்பந்தம் செய்தது 1989-இல்தான். மோ ஜான்ஸ்டன் அந்த வீரர். இதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். பணத்தைச் சுற்றி வளர்ந்த பகைதான் அவ்வளவாகப் பேசப்படாதது.

1988-இல் எஃகு வணிகர் டேவிட் மர்ரே 60 லட்சம் பவுண்டு கொடுத்து ரேஞ்சர்ஸை வாங்கினார். 1989 முதல் 1997 வரை தொடர்ந்து ஒன்பது பட்டங்கள் வந்தன. பிரையன் லாட்ரப், பால் காஸ்கோயின் போன்றவர்கள் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஆடினார்கள். செல்டிக் ஐந்து பவுண்டு செலவழித்தால் நாங்கள் பத்து பவுண்டு செலவழிப்போம் என்று மர்ரே சவால் விட்ட பேச்சு கிளாஸ்கோவில் இன்றும் மறக்கப்படவில்லை. 2000-இல் நார்வே வீரர் டோரே ஆந்திரே ஃபுளோ ஒருவருக்கே 1 கோடியே 20 லட்சம் பவுண்டு போனது. ஸ்காட்லாந்தின் சந்தை சிறியது. தொலைக்காட்சி வருவாயும் இங்கிலாந்தோடு ஒப்பிடவே முடியாத அளவு சொற்பம். அப்படியிருக்க இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து கேட்டபோதெல்லாம் கொடுத்த கடன்.

அதே காலத்தில் செல்டிக்கின் நிலைமை பரிதாபமாக இருந்தது. 1994 மார்ச் மாதத்தில் வங்கி கடனைத் திருப்பிக் கேட்டு நெருக்கியது. கிளப் மூழ்கும் கட்டத்தில் இருந்தது. ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்? கனடாவில் சம்பாதித்துத் திரும்பிய ஃபெர்கஸ் மெக்கேன் மார்ச் 4 அன்று கடைசி நேரத்தில் பணத்தோடு வந்து கிளப்பைக் காப்பாற்றினார். ரசிகர்களுக்கே பங்குகளை விற்றார். மைதானத்தைப் புதிதாகக் கட்டினார். வரவுக்கு மேல் செலவு செய்ய மறுத்தார். நன்றி கிடைத்ததா என்றால், 1998-இல் சாம்பியன் கொடியை ஏற்ற வந்தவரைச் சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு அவமதித்தார்கள். எதிரி பத்து பவுண்டு செலவழிக்கும்போது நம் ஆள் கணக்குப்பிள்ளைபோல் காசை எண்ணுகிறாரே என்ற கோபம். 2014-இல் அதே மெக்கேன் அதே கொடியை ஏற்ற வந்தபோது அரங்கமே எழுந்து கைதட்டியது. இரண்டு நாட்களுக்கும் இடையில் நடந்த ஒன்றுதான் அவரைப் பற்றிய தீர்ப்பை மாற்றியது. அது ரேஞ்சர்ஸின் வீழ்ச்சி.

வீழ்ச்சியின் வேர் ஓர் அறக்கட்டளை ஏற்பாட்டில் இருக்கிறது. 2001 முதல் 2010 வரை, வீரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கொடுக்க வேண்டியதில் ஒரு பகுதியை ரேஞ்சர்ஸ் நேரடிச் சம்பளமாகக் கொடுக்கவில்லை. ஊழியர் நலனுக்கென்று வைத்த ஓர் அறக்கட்டளைக்குப் பணம் போகும்; அறக்கட்டளை அதைச் சம்பந்தப்பட்டவருக்குக் ‘கடனாக’ வழங்கும். கடன் வருமானமல்ல, ஆகவே வருமான வரி கிடையாது. அந்தக் கடனை யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். இந்த வழியில் ஏறக்குறைய 4 கோடியே 70 லட்சம் பவுண்டு கைமாறியது. வீரர்களுக்கு உத்தரவாதம் தரத் தனிக் கடிதங்கள் எழுதப்பட்டன. விதிப்படி அந்தக் கடிதங்களைக் கால்பந்து அமைப்புகளிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை.

வரித்துறை மோப்பம் பிடித்து வழக்குப் போட்டது. அந்த வழக்கின் நிழலில் கிளப்பை வாங்க யாரும் முன்வரவில்லை. 2008 நிதி நெருக்கடியில் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் குழுமமே சரிந்து லாய்ட்ஸ் வங்கியின் கைக்குப் போனது. புதிய வங்கிக்கு ஐப்ராக்ஸ்மீது எந்தப் பாசமும் இல்லை. கடைசியில் 2011 மே 6 அன்று, கிரெய்க் ஒயிட் என்பவருக்கு மர்ரே கிளப்பை ஒரே ஒரு பவுண்டுக்கு விற்றார். வங்கிக் கடனான சுமார் 1 கோடியே 80 லட்சம் பவுண்டை ஒயிட் அடைப்பார் என்பது நிபந்தனை.

அடைத்தார். எந்தப் பணத்தில் அடைத்தார் என்பதுதான் கதை. ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் வரும் ஆண்டுகளில் வாங்கப்போகும் சீசன் டிக்கெட்டுகளை டிக்கெட்டஸ் என்ற நிறுவனத்திடம் முன்கூட்டியே விற்றுத் திரட்டிய 2 கோடிக்கும் மேற்பட்ட பவுண்டிலிருந்துதான் அதற்குப் பணம் போனது. மாட்டை வாங்கும் முன்பே அதன் பாலை விற்று, அந்தக் காசில் மாட்டை வாங்கிய கணக்கு. இதற்காக ஒயிட்மீது பின்னர் மோசடி வழக்குத் தொடரப்பட்டது. 2017-இல் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் அவருக்கு முன்பே வாழ்நாள் தடை விதித்திருந்தது.

ஒயிட்டின் திட்டம் ஐரோப்பியப் போட்டிகளின் வருவாயை நம்பியிருந்தது. 2011 ஆகஸ்டில் சுவீடனின் மால்மோவிடம் தோற்று சாம்பியன்ஸ் லீக் போனது. அதே மாதம் ஸ்லோவேனியாவின் மரிபோரிடம் தோற்று யூரோப்பா லீக்கும் போனது. அதற்குப் பிறகு ஊழியர்களின் சம்பளத்தில் பிடித்த வரியையும் மதிப்புக்கூட்டு வரியையும் கிளப் அரசுக்குக் கட்டவில்லை. ஒரு சீசன் முடிவதற்குள் அந்தப் பாக்கி மட்டும் 90 லட்சம் பவுண்டை எட்டியது. ரேஞ்சர்ஸைத் திவாலுக்குத் தள்ளியது புகழ்பெற்ற அந்த அறக்கட்டளை வழக்கு என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். உடனடிக் காரணம் இந்தச் சாதாரண மாதாந்திர வரிப் பாக்கிதான். அறக்கட்டளை வழக்கில் வரித்துறை முதல் இரண்டு கட்டங்களில் தோற்றது. 2017 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில்தான் இறுதியாக வென்றது. அதற்குள் கிளப்பை நடத்திய பழைய நிறுவனம் கலைப்பில் போய் ஏறக்குறைய ஐந்தாண்டுகள் ஆகிவிட்டன.

எதிரணி ரசிகர்கள் இந்தக் கட்டத்தில்தான் விசித்திரமான ஒரு கல்வியில் இறங்கினார்கள். வரிச் சட்டம், திவால் சட்டம், பங்குப் பதிவேடு, வங்கியின் அடமான உரிமை என்று செல்டிக் ரசிகர்கள் இரவும் பகலும் படித்துத் தள்ளினார்கள். இந்த வரி வழக்கைப் பற்றி மட்டுமே எழுதிவந்த, எழுதியவர் பெயரே வெளியிடாத ஒரு வலைப்பதிவு 2012-இல், அரசியல் எழுத்துக்காகப் பிரிட்டனில் வழங்கப்படும் ஆர்வெல் பரிசு பெற்றது. ஸ்காட்லாந்தின் விளையாட்டுப் பத்திரிகையாளர்கள் பலர் ஒயிட்டைப் பெரும் கோடீஸ்வரர் என்று வரவேற்றுக்கொண்டிருந்தபோது, பகையில் பிறந்த சந்தேகம் ஆவணங்களைத் தோண்டியது. வெறுப்பு சில நேரங்களில் நல்ல தணிக்கையாளர். நேசிப்பவர் கேட்கத் தயங்கும் கேள்வியை அது கூசாமல் கேட்கும்.

திவால் நிர்வாகம் என்றால் என்ன என்பதையும் அவர்கள் அப்போதுதான் கற்றுக்கொண்டார்கள். பிரிட்டிஷ் சட்டத்தில் அது சாவு அல்ல. கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட்டு நிறுவனத்தைப் பிய்த்துவிடாதபடி ஒரு தடுப்பு எழுகிறது. வெளியிலிருந்து வந்த நிர்வாகிகள் செலவைக் குறைத்து, வாங்குபவரைத் தேடுகிறார்கள். ரேஞ்சர்ஸுக்கு உடனே 10 புள்ளிகள் பறிபோயின. வீரர்கள் தங்கள் சம்பளத்தில் 75 சதவீதம் வரை விட்டுக்கொடுத்தார்கள். நாங்கள் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் அல்ல என்று பயிற்சியாளர் ஆலி மெக்காய்ஸ்ட் சொன்னது ரேஞ்சர்ஸ் ரசிகர்களின் மந்திரமானது. இந்த 10 புள்ளிகளைப் பற்றிச் செல்டிக் ரசிகர்களிடம் பேசினால் ஒரு திருத்தம் உறுதியாகக் கிடைக்கும்: அந்த சீசனின் நவம்பரில் ரேஞ்சர்ஸ் 15 புள்ளி முன்னிலையில் இருந்தது, அதை நாங்கள் டிசம்பர் இறுதிக்குள் ஆடியே முந்திவிட்டோம், பட்டத்துக்குத் திவால் காரணமல்ல. அது உண்மைதான்.

அடுத்த கட்டம் சமரசம். கடன் கொடுத்தவர்கள் ஒரு பவுண்டுக்குச் சில பென்ஸ் வாங்கிக்கொண்டு மீதியை விட்டுக்கொடுத்தால் பழைய நிறுவனம் பிழைக்கும். கடன் தொகையில் 75 சதவீதத்தைக் கையில் வைத்திருப்பவர்களின் சம்மதம் அதற்குத் தேவை. கடன் பட்டியலில் 276 பேர் இருந்தார்கள். அதில் காவல்துறை இருந்தது, ஆம்புலன்ஸ் சேவை இருந்தது. டண்டீ யுனைடெட்டும் டன்ஃபர்ம்லினும் இருந்தன. டன்ஃபர்ம்லின் மைதானத்துக்கு ஆட்டம் பார்க்கப் போன ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசை வசூலித்த ரேஞ்சர்ஸ், உரிய கிளப்பிடம் சேர்க்கவில்லை. எதிரணி ரசிகர்களின் கோபத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரமே போதும். அந்த டன்ஃபர்ம்லின் அடுத்த ஆண்டே திவால் நிர்வாகத்துக்குப் போனது.

வரித்துறைக்குச் சேர வேண்டியது மொத்தத்தில் கால் பங்குக்கு மேல். 2012 ஜூன் 12 அன்று, சமரசத்துக்கு ஒப்பமாட்டோம் என்று வரித்துறை அறிவித்தது. பழைய நிறுவனத்தின் கதை அதோடு முடிந்தது. மைதானம், பயிற்சித் திடல், பெயர், அடையாளங்கள் அனைத்தையும் சார்லஸ் கிரீன் தலைமையிலான ஒரு புதிய நிறுவனம் 55 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. கடன்கள் பழைய நிறுவனத்தோடு தங்கிவிட்டன. ஸ்டீவன் நெய்ஸ்மித், ஆலன் மெக்ரிகர் உள்ளிட்ட பல வீரர்கள் புதிய நிறுவனத்துக்கு மாற மறுத்து, மாற்றுக் கட்டணம் ஏதுமின்றி வெளியேறினார்கள்.

புதிய நிறுவனத்துக்குப் பிரீமியர் லீக்கில் இடம் உண்டா? பணக் கணக்குப்படி பார்த்தால் கொடுத்திருக்க வேண்டும். தொலைக்காட்சி ஒப்பந்தம் ஆண்டுக்கு நான்கு செல்டிக்–ரேஞ்சர்ஸ் ஆட்டங்களை எதிர்பார்த்தது. ரேஞ்சர்ஸ் கீழே போனால் ஸ்காட்லாந்து கால்பந்து மெல்ல மெல்லச் செத்துப்போகும், சமூகத்தில் அமைதியின்மைகூட வரலாம் என்று கால்பந்துச் சங்கத்தின் தலைமை நிர்வாகி ஸ்டூவர்ட் ரீகன் எச்சரித்தார். மிரட்டல்போலவே ஒலித்த எச்சரிக்கை.

அதை முறித்தது ரசிகர்களின் பணப்பை. அபர்தீன், ஹிப்ஸ், ஹார்ட்ஸ், டண்டீ யுனைடெட் என்று கிளப் கிளப்பாக ரசிகர்கள் ஒரே செய்தியை அனுப்பினார்கள்: ரேஞ்சர்ஸைச் சும்மா உள்ளே விட்டால் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க மாட்டோம். கிளப் தலைவர்கள் கணக்குப் போட்டார்கள். ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை வந்து கொடுக்கும் காசைவிட, சொந்த ரசிகர்கள் வாரம் தவறாமல் கொடுக்கும் காசு பெரிது. ஜூலை 4 அன்று நடந்த வாக்கெடுப்பில் பத்து கிளப்புகள் எதிர்த்தன, கில்மார்னாக் வாக்களிக்கவில்லை, ஆதரித்தது ரேஞ்சர்ஸ் மட்டும். நேர்மையா, சொந்த லாபமா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். இரண்டும் ஒரே திசையில் இழுத்த அபூர்வமான தருணம் அது.

பிறகு சுமை கீழ்மட்ட லீக்கின் 30 சிறிய கிளப்புகள்மீது விழுந்தது. ரேஞ்சர்ஸை இரண்டாம் படியான முதல் டிவிஷனிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மேலிருந்து அழுத்தம் வந்தது. ரெய்த் ரோவர்ஸ் கிளப்பின் டர்ன்புல் ஹட்டன் ஹாம்ப்டன் பார்க் படிக்கட்டில் நின்று, எங்களை மிரட்டுகிறார்கள், பொய் சொல்கிறார்கள் என்று கேமராக்களுக்கு முன்னால் போட்டு உடைத்தார். ஜூலை 13 அன்று 25 கிளப்புகள் ரேஞ்சர்ஸை நான்காம் படியான மூன்றாவது டிவிஷனில் வைக்க வாக்களித்தன.

பதினாறு நாள் கழித்து ரேஞ்சர்ஸ் தன் முதல் ஆட்டத்தைப் பிரெச்சின் என்ற சிற்றூரில் ஆடியது. அங்குள்ள கிளீப் பார்க் மைதானத்தின் ஒரு பக்க எல்லையே வெட்டிச் சீராக்கிய உயரமான செடிவேலிதான். சில வருடங்களுக்கு முன் யுஇஎஃப்ஏ கோப்பை இறுதிப்போட்டி ஆடிய கிளப், கூடுதல் நேரத்தில்தான் 2–1 என்று தப்பியது. செல்டிக் ரசிகர்களுக்கு அன்று தீபாவளி. ஆனால் சில வாரங்களில் ஐப்ராக்ஸில் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயருடன் நடந்த ஆட்டத்துக்கு 49 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். நான்காம் படி லீக் ஆட்டமொன்றுக்கு உலகில் எங்கும் அதுவரை அத்தனை கூட்டம் கூடியதில்லை. சாவு வீட்டில் இவ்வளவு கூட்டமா என்று கேலி செய்தவர்களுக்கும் உள்ளுக்குள் ஓர் உறுத்தல் இருந்திருக்கும்.

அந்த நிலையில்தான் பன்னிரண்டு ஆண்டுகளைக் கடந்தும் ஓயாத சண்டை தொடங்கியது: ரேஞ்சர்ஸ் செத்ததா, இல்லையா? ரேஞ்சர்ஸ் தரப்பு சொல்வது: நிறுவனம் வேறு, கிளப் வேறு. கிளப் என்பது பெயரும் மைதானமும் மக்களும் வரலாறும். நிறுவனம் அதை நடத்தும் சட்டை. சட்டை மாறினால் ஆள் மாறுவதில்லை. மறைத்த கடிதங்கள் பற்றி விசாரித்த நிம்மோ ஸ்மித் ஆணையமும் 2013-இல் கிளப்பை அதன் உரிமையாளரிலிருந்து பிரித்தே பார்த்தது. இரண்டரை லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது, பட்டங்களைப் பறிக்கவில்லை. செல்டிக் ரசிகர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு அணிகளும் மறுபடி முதன்முறையாக மோதவிருந்த 2015 பிப்ரவரி ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, அவர்களில் ஒரு குழு காசு சேர்த்து ஒரு ஞாயிறு நாளிதழில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்தது. இது பழைய பகைவர்களின் ஆட்டமல்ல, 2012-இல் பிறந்த ஒரு புதிய கிளப்போடு எங்கள் முதல் ஆட்டம் என்பது அதன் வாசகம்.

சட்ட நுணுக்கத்தில் ரேஞ்சர்ஸ் தரப்புக்குக் கொஞ்சம் வலு இருக்கலாம். கால்பந்து அமைப்புகளும் தொடர்ச்சியை ஏற்றுக்கொண்டன. ஆனால் நியாயத்தில் எனக்கு மற்றத் தரப்பே சரியாகத் தெரிகிறது. ஒரே வீட்டின் சொத்தைப் புதுப் பெயருக்கு எழுதி, கடனைப் பழைய பெயரிலேயே விட்டுவிடுகிறவரை நம்மூரில் என்ன சொல்வார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. 54 பட்டங்கள் ‘கிளப்’புக்கு, கட்டாத வரி ‘நிறுவன’த்துக்கு என்றால், கிளப் என்ற சொல் வரவை மட்டும் எழுதும் பேரேடாகிவிடுகிறது. பிற கிளப்புகளுக்கிருந்த பாக்கியை மட்டும் புதிய நிறுவனம் ஏற்றுக்கொண்டது. கால்பந்துச் சங்கத்தின் உறுப்பினர் உரிமை மாற வேண்டுமென்றால் அதைக் கட்டியாக வேண்டும் என்று நிபந்தனை இருந்ததால். சாதாரணக் கடன் கொடுத்தவர்களுக்கு அப்படி ஒரு பிடி இல்லை.

இதில் ரேஞ்சர்ஸ் ரசிகர்களின் பங்கு என்ன? அறக்கட்டளை ஏற்பாட்டை யாரும் அவர்களைக் கேட்டுச் செய்யவில்லை. தங்கள் சீசன் டிக்கெட்டே அடமானமாகிவிட்டது என்பது அவர்களுக்கு எல்லோருக்கும் பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் மர்ரேயின் பத்து பவுண்டு பேச்சுக்குக் கைதட்டியவர்களும் அவர்கள்தான். கணக்குப்பிள்ளை மெக்கேனைத் திட்டிய செல்டிக் ரசிகர்களுக்கு ஒரு மர்ரே வாய்த்திருந்தால் அவர்களும் கைதட்டியிருப்பார்கள். வாய்க்கவில்லை, அவ்வளவே.

எதிரி இல்லாமல் வாழ முடியுமா என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. ரேஞ்சர்ஸ் இல்லாமல் செல்டிக்கும் செழிக்க முடியாது என்று ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட் ஒரு பேட்டியில் சொல்லிவைத்தார். செல்டிக் கோபமாக அறிக்கை விட்டது: எங்களுக்கு யாரும் தேவையில்லை, எங்கள் கணக்கு எங்கள் கையில். 2012 நவம்பரில் செல்டிக் தன் மைதானத்தில் பார்சிலோனாவை 2–1 என்று வீழ்த்தியபோது அந்த அறிக்கை மெய்போலவே தெரிந்தது. உள்ளூர் லீக்கில் மட்டும் போட்டி உப்புச்சப்பில்லாமல் போனது. 2012 முதல் 2020 வரை செல்டிக் தொடர்ந்து ஒன்பது பட்டங்கள் வென்றது. அவற்றில் முதல் சிலவற்றை எந்த ரசிகரும் உயிரை விட்டுக் கொண்டாடியதாகத் தெரியவில்லை. மெல்லச் செத்துப்போகும் என்ற ஸ்காட்லாந்து கால்பந்து சாகவில்லை. ரேஞ்சர்ஸ் உயர்மட்ட லீக்கில் இல்லாத அந்த நான்கு ஆண்டுகளில் செயின்ட் ஜான்ஸ்டனும் இன்வர்னஸும் தங்கள் வரலாற்றில் முதல்முறையாக ஸ்காட்டிஷ் கோப்பையைத் தூக்கின. திவாலும் ரேஞ்சர்ஸோடு நின்றுவிடவில்லை. 2013-இல் எடின்பரோவின் ஹார்ட்ஸ் விழுந்தது. 15 புள்ளிகள் இழந்து கீழே இறங்கியது. மாதாமாதம் பணம் கட்டிய ரசிகர்களே பின்னர் அதன் உரிமையாளர்களானார்கள்.

2021 மார்ச்சில் ரேஞ்சர்ஸ் மறுபடி சாம்பியன் ஆனது. ஐப்ராக்ஸைச் சுற்றி எங்கு பார்த்தாலும் 55 என்ற எண். செல்டிக் ரசிகர்களின் எண்ணிக்கையில் அது வெறும் ஒன்று. 2025-இல் செல்டிக்கும் தன் 55-ஆவது பட்டத்தை வென்றது. நாட்டிலேயே அதிகப் பட்டங்கள் வென்றது யார் என்ற கேள்விக்கு ஒரு தரப்பு இப்போது சமம் என்கிறது. மறு தரப்பு, எதிரே இருப்பது 2012-இல் பிறந்த கிளப், அதற்கு 54 பட்டங்கள் வித்தியாசம் இருக்கிறது என்கிறது.